86-ல் பத்தாவது முடித்த நம்ம செட்: குரூப் போட்டோவில் இல்லாதவர்களைப் பற்றி எழுதுங்கள்

கரிசல்மண் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். நாம பத்தாவது முடிச்சு 40 வருஷம். சந்திப்பு வைக்கணும்னு வாட்ஸ்அப் குழுவுல பேச்சு ஓடுது. மண்டபம், சாப்பாடு, ஒரே கலர் சட்டைன்னு திட்டமெல்லாம் போட்டாச்சு. எனக்கு மனசுல உறுத்துற விஷயத்தை அங்க சொன்னா நாலு குட்மார்னிங் படத்துக்கு அடியில போயிரும். அதான் இங்க எழுதுறேன்.

1981 ஜூன்ல ஆறாவது சேர்ந்தப்போ நாம ரெண்டு செக்‌ஷன். ஏ-க்கு வேப்பமரத்தடி வகுப்பு, பி-க்கு ஓட்டுக் கொட்டகை. பத்தாவது வந்தப்போ ஒரே செக்‌ஷன்தான், அதுலயும் கடைசி பெஞ்சு காலி. மிச்சப் பேரு எங்க போனாங்க? குழுவுல சுத்திச் சுத்தி வர்ற அந்தக் கறுப்பு வெள்ளை போட்டோவுல இருக்கிறது பத்தாவதை எட்டினவங்க மட்டும்தான். அதுலயும் போட்டோக் காசு கொடுக்க முடியாம அன்னைக்கு லீவு போட்டவங்க இல்லை.

முதல் மார்க் வாங்கினவங்க, மேடையில பேசினவங்க பத்தியெல்லாம் நிறையப் பேசியாச்சு. இந்த இழையில போட்டோவுல இல்லாதவங்களைப் பத்தி எழுதுங்க. என்ன குணம், என்ன விளையாடினாங்க, எதுல கெட்டின்னு சொல்லுங்க. பொது இடம்ங்கிறதால ஊர்ப் பேரு, ஆள் பேரு வேண்டாம். அடையாளம் சொன்னாலே நமக்குப் புரியும்.

நானே ஆரம்பிக்கிறேன். பி செக்‌ஷன்ல மேப் போடுறவன் ஒருத்தன் இருந்தான். சமூக அறிவியல் சார் வகுப்புக்குள்ள வந்ததும் அவன் கையிலதான் சாக்பீஸைக் கொடுப்பார். கட்ச் பக்கம் ஆரம்பிச்சு, கம்பாத் வளைகுடாவுல ஒரு குழிவு, அப்புறம் நேரா தெற்கே இறங்குவான். கன்னியாகுமரி முனையில மட்டும் கையை ஒரு நொடி நிறுத்தி, ராமேஸ்வரம் மூக்கை நீட்டி, வங்காளத்துக்குப் போயிருவான். அழிச்சுத் திருத்தி நான் பார்த்ததே இல்லை. அட்லஸ் வாங்க அவனுக்கு வசதி கிடையாது. சார் மேஜையில இருக்கிற அட்லஸை மத்தியான இடைவேளையில விரலால தடவித் தடவிப் பார்த்துக்கிட்டு இருப்பான். எட்டாவதுக்கு மேல வரலை. எங்க இருக்கான்னு யாருக்காவது தெரியுமா?

லெஃப்ட்_அவுட்

தெரியும். முதல்ல ஹாக்கியைச் சொல்லிட்டு அவனுக்கு வர்றேன்.

கோவில்பட்டிப் பக்கம் பிறந்தவங்களுக்கு ஹாக்கி ரத்தத்துல ஊறினது. இப்ப டவுன்ல செயற்கைப் புல்தரை இருக்கு, அகில இந்தியப் போட்டி நடக்குது. நமக்குக் கரிசல் தரைதான். மழை பெஞ்சா ஒட்டும், வெயிலடிச்சா பாளம் பாளமா வெடிக்கும். பள்ளிக்கூடத்துல நல்ல மட்டை குறைவு, மேட்சுக்கு மட்டும்தான் வெளிய வரும். பயிற்சிக்கு உடைமரத்துல வளைஞ்ச கிளையா தேடி வெட்டிக் காயவச்சு ஆடினோம்.

நம்ம டீம்ல சென்டர் ஹாஃப் ஆடினவனை மறந்திருக்க மாட்டீங்க. வெறுங்கால். உயரம் கம்மி, வாயே திறக்க மாட்டான். ஆனா களத்துல எதிராளி பந்தை எந்தப் பக்கம் தள்ளப்போறான்னு அவனுக்கு முன்னாடியே தெரியும். மறிச்சு எடுத்து, தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்து, நான் ஓடிக்கிட்டிருக்கிற இடத்துக்கு முன்னால போடுவான். நான் போட்ட கோலுக்கெல்லாம் கைதட்டு எனக்குக் கிடைச்சது. பாதி கோல் அவன் கொடுத்த பந்து. ஒருநாள்கூட அதைச் சொல்லிக்காட்டினவன் இல்லை.

ஒன்பதாவது அரைப்பரீட்சையோட நின்னுட்டான். அண்ணன் லாரியில கிளீனரா போனான், இவனும் கூடவே போயிட்டான். பி.டி. சார் வீடு தேடிப்போய் அவங்க அப்பாகிட்டப் பேசிப் பார்த்தார். நான் வாசல்ல நின்னேன். "சார், இவன் ஆடுறது எனக்கும் சந்தோஷந்தான், ஆனா வீட்டுல ஆறு வயிறு இருக்கு"ன்னார் அவர். சார் அதுக்கு மேல பேசலை.

மேப் போட்டவன் இப்ப தூத்துக்குடியில போர்டு எழுதுற வேலை பார்த்துட்டு, பிளெக்ஸ் வந்ததும் அதை விட்டுட்டு ஒரு உப்பளத்துல மேஸ்திரியா இருக்கான். போன் நம்பர் கிடைக்கும், கேட்டுச் சொல்றேன்.

முதல்_பெஞ்சு

அண்ணன்மார்களே, பிள்ளைங்களையும் எழுதுங்க. இதுவரைக்கும் பையன்களாவே வருது.

பிரேயர்ல செய்தி வாசிக்கிறவளை நினைவிருக்கா? தமிழ்த்தாய் வாழ்த்து, குறள், அப்புறம் செய்தி. நம்ம ஊருக்குப் பேப்பர் ஒன்பதரை பஸ்ஸுலதான் வரும், பிரேயர் அதுக்கு முன்னாடியே முடிஞ்சிரும். அதனால அவ காலையில 7:15 டெல்லி தமிழ்ச் செய்தியை ரேடியோவுல கேட்டு, கேட்கும்போதே எழுதுவா. அவங்க வீட்டுல ரேடியோ கிடையாது. டீக்கடை வாசல்ல ஆம்பளைங்க உட்கார்ந்திருக்கிற பெஞ்சுக்குப் பின்னால, சுவத்துல நோட்டை வச்சுக்கிட்டு நின்னு எழுதுவா. அந்தக் காலத்துல ஒரு வயசுப் பிள்ளை டீக்கடை வாசல்ல தினமும் நிக்கிறதுன்னா சும்மா இல்லை. ஊர்ல பேசினாங்க. அவ காதுல வாங்கலை.

வாசிக்கும்போது தொண்டையைச் செருமுறது, தடுமாறுறது எதுவும் கிடையாது. தலைவர்கள் பேரு, வெளிநாட்டு ஊர்ப் பேரெல்லாம் ரேடியோவுல கேட்ட மாதிரியே சொல்லுவா. பத்தாவது ஆரம்பத்துல கல்யாணம் நிச்சயமாகி நின்னுட்டா. அதுக்கப்புறம் ஒரு மாசம் பிரேயர்ல செய்தியே கிடையாது, வாசிக்க யாரும் முன்வரலை.

இன்னொருத்தன். 1982 டிசம்பர்ல பாரதியார் நூற்றாண்டு. எட்டயபுரம் நமக்குப் பக்கம்ங்கிறதால பள்ளிக்கூடத்துல இருந்து கூட்டிட்டுப் போனாங்க. நம்ம பள்ளியில நடந்த ஒப்புவித்தல் போட்டியில முதல் பரிசு வாங்கினவன் வீட்டுல தெலுங்கு பேசுற பையன். அம்மாகிட்ட தெலுங்குல பேசிக்கிட்டே வருவான், மேடை ஏறினா பாட்டு அருவியாக் கொட்டும். கரிசக்காட்டுல இதெல்லாம் சகஜம்தான், இருந்தாலும் தமிழய்யா அன்னைக்குக் கண் கலங்கினது என் கண்ணுக்குள்ளேயே இருக்கு.

ரயிலடி

நண்பர்களே, கோவிச்சுக்காதீங்க. எனக்கு இந்த இழை சரியாப் படலை.

படிப்பை விட்டவங்க அதை மறந்து ஒரு வாழ்க்கையை அமைச்சிருப்பாங்க. நாம இங்க உட்கார்ந்து "வசதி இல்லாம நின்னான், காசு இல்லாம லீவு போட்டான்"னு எழுதினா, அவங்க பிள்ளைங்க படிச்சா என்ன நினைப்பாங்க? லெஃப்ட் அவுட் எழுதின அந்த "ஆறு வயிறு" விஷயம் அவங்க வீட்டு விஷயம். அதை நாம சபையில வைக்கலாமா?

என் தம்பியும் பத்தாவதுல நின்னவன்தான். பழைய பள்ளிக்கூடக் கதையை யாராவது எடுத்தா எழுந்து போயிருவான். அதைப் பார்த்து வளர்ந்ததால சொல்றேன்.

கரிசல்மண்

ரயிலடி, நீங்க சொல்றதுல நியாயம் இருக்கு. பேரு, ஊரு வேண்டாம்னு அதுக்குத்தான் முதல்லயே சொன்னேன். வறுமையை எழுதுறதைவிட ஆளை எழுதுவோம். அவங்க என்ன செஞ்சாங்க, எப்படிச் செஞ்சாங்கன்னு எழுதுவோம். ஆனா பேசாமலே விட்டா, ரெண்டு செக்‌ஷன்ல ஒரு செக்‌ஷன் இருந்ததே இல்லைன்னு ஆயிரும். அதை என்னால ஏத்துக்க முடியலை.

சஞ்சாயிகா_கணக்கு

என் பேரைப் பார்த்தாலே தெரிஞ்சிருக்கும், நான் எதைச் சொல்ல வந்தேன்னு.

சஞ்சாயிகா சிறுசேமிப்பு. பத்துக் காசு, இருபது காசுன்னு பிள்ளைங்க கொண்டாந்து கட்டுறது. கணக்கு எழுத ஒரு மாணவனை வைப்பாங்க. நான் உதவிதான், பொறுப்பு அவன்கிட்ட. கணக்கு சார் அவனைத் தேர்ந்தெடுத்தப்போ பலருக்கு ஆச்சரியம், அவன் நடுத்தர மார்க் வாங்குறவன். ஆனா சாருக்குத் தெரிஞ்சிருந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மரப்பெட்டியைத் திறந்து, காசைத் தட்டுல பரப்பி, அஞ்சு காசு தனி, பத்துக் காசு தனின்னு அடுக்குவான். ஒவ்வொரு பிள்ளையோட பாஸ் புத்தகத்துலயும் எழுதி, தன் பேரேட்டுலயும் எழுதி, ரெண்டையும் அந்தப் பிள்ளையையே வாசிக்கச் சொல்லுவான். ஆறாவது படிக்கிற வாண்டுகூட "அஞ்சு ரூபா நாற்பது காசு"ன்னு சத்தமா வாசிச்சாத்தான் விடுவான். ஒருதடவை பத்துக் காசு கூடுதலா வந்திருச்சு. யாருதுன்னு தெரியலை. பெட்டியைப் பூட்டாம, வகுப்பு வகுப்பா போய் விசாரிச்சு, கடைசியில ஏழாவது படிக்கிற ஒரு பிள்ளையோடதுன்னு கண்டுபிடிச்சுக் கொடுத்துட்டுத்தான் வீட்டுக்குப் போனான்.

86 ரிசல்ட் அன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு ஒரே சைக்கிள்ல போனோம். பாஸானவங்க நம்பர் மட்டும்தானே பேப்பர்ல வரும். என் நம்பர் இருந்தது, அவன் நம்பர் வரலை. இங்கிலீஷ்ல போயிருச்சு. திரும்பி வரும்போது அவன்தான் சைக்கிளை மிதிச்சான், நான் பின்னால உட்கார்ந்திருந்தேன். மேட்டுல இறங்கித் தள்ளுறேன்னு சொன்னேன், விடலை.

அவன் அக்டோபர் பரீட்சை எழுதினானான்னு எனக்குத் தெரியலை. நான் பிளஸ் டூவுக்கு டவுனுக்குப் போயிட்டேன்.

லெஃப்ட்_அவுட்

எழுதினான், பாஸும் பண்ணினான். சாத்தூர்ல ஒரு கூட்டுறவுச் சங்கத்துல கணக்கரா இருந்து ரிட்டயர் ஆகப்போறான். நீங்க அவனைப் பத்தி எழுதினதை வாசிச்சுக் காட்டட்டுமான்னு கேட்டுட்டு வாசிச்சுக் காட்டுறேன்.

மேலத்தெரு

நாடகத்தை யாரும் எழுதலையே!

ஒன்பதாவது படிக்கிறப்போ ஆண்டு விழாவுக்குக் கட்டபொம்மன் நாடகம். கட்டபொம்மனைத் தூக்குல போட்ட கயத்தாறு நமக்கு பஸ்ஸுல போற தூரம். 1799 அக்டோபர் 16-ன்னு தேதியோட ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். கட்டபொம்மனா நடிக்கப் பத்துப் பேர் வரிசையில நின்னாங்க, ஜாக்சன் துரைக்குக்கூட ஆள் வந்தது. எட்டப்பன் வேஷத்துக்கு ஒருத்தரும் வரலை. எட்டயபுரத்துல இருந்து வர்ற பிள்ளைங்களும் வகுப்புல இருந்தாங்க, அவங்களுக்கு அந்த வேஷமே நாடகத்துல இருக்கிறது பிடிக்கலை.

கடைசியில அந்தக் கூத்துக்காரர் வீட்டுப் பையன் எழுந்து நின்னான். "வேஷம்தானே சார், நான் கட்டுறேன்"னான். அப்பா, தாத்தா எல்லாம் கூத்துல ஆடினவங்க. அவன் செஞ்ச எட்டப்பன் கத்தலை, மீசையை முறுக்கலை. ரொம்ப மெதுவா, மரியாதையாப் பேசினான். கூட்டம் அப்படியே அடங்கிப்போச்சு. எனக்குத் தெரிஞ்சு அன்னைக்கு நடிச்சவன் அவன் ஒருத்தன்தான், மத்தவங்க எல்லாம் வசனம் ஒப்பிச்சாங்க.

ஆனா அதுக்கப்புறம் அவனுக்கு அதுவே பேராயிருச்சு. கிண்டலாக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, யார் என்ன கோள் சொன்னாலும் அவன் தலையில போடுற அளவுக்குப் போச்சு. பத்தாவதுல பெஞ்சு மாத்திக் கேட்டு ஓரமாப் போய் உட்கார்ந்துக்கிட்டான். சந்திப்புல யாரும் அந்தப் பேரைச் சொல்லி அவனைக் கூப்பிடக்கூடாது. இதை நான் கண்டிப்பாவே சொல்றேன்.

சாக்பீஸ்_தூள்

நான் உங்க செட் இல்லை, ரெண்டு வருஷம் பின்னாடி. இப்ப வேற ஊர்ல ஆசிரியரா இருக்கேன், இந்த இழையை ஒருத்தர் அனுப்பிவச்சார். ரெண்டு விஷயம் சொல்லலாமா?

ஒண்ணு, போட்டோவுல இல்லாதவங்களைக் கண்டுபிடிக்க வழி இருக்கு. பள்ளிக்கூடத்துல சேர்க்கைப் பதிவேடு நிரந்தர ஆவணம். 1981-ல சேர்ந்த ஒவ்வொருத்தருக்கும் அதுல ஒரு வரி இருக்கும், எப்ப நின்னாங்கங்கிற தேதியோட. அதை யாருக்கும் அப்படியே தூக்கிக் கொடுத்துர மாட்டாங்க, கொடுக்கவும் கூடாது. தலைமையாசிரியர்கிட்ட முன்னாள் மாணவர்கள் சேர்ந்து ஒரு கடிதம் கொடுத்து, நீங்க சொல்ற ஆள் அந்த வருஷம் படிச்சாரான்னு சரிபார்க்கக் கேட்கலாம். டி.சி. வாங்காமலே நின்னவங்களும் நிறைய இருப்பாங்க.

உங்க டி.சி.யை எடுத்துப் பாருங்க. பத்தாவது டி.சி.யில வருவாய் மாவட்டம் திருநெல்வேலின்னு இருக்கும். மேல படிச்சவங்க 88-ல வாங்கினதுல சிதம்பரனார் மாவட்டம்னு (இப்ப தூத்துக்குடி மாவட்டம்) மாறியிருக்கும். 1986 அக்டோபர்லதானே பிரிச்சாங்க. கூடவே அங்க மச்ச அடையாளம்னு ரெண்டு வரி. ஆளைத் தேடுறவங்களுக்கு இந்த மாதிரிச் சின்ன விஷயம் உதவும்.

ரெண்டாவது, காலத்தையும் பார்க்கணும். குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது 1986-ல. தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் ஆரம்பிச்சது 1988-ல. சத்துணவே 1982 ஜூலையில சின்னப் பிள்ளைங்களுக்குத்தான் தொடங்கினாங்க, பத்து வயசுக்கு மேல இருக்கிறவங்களுக்கு 1984 செப்டம்பர்லதான் நீட்டிச்சாங்க. அப்ப உங்க செட் ஒன்பதாவது. ஒவ்வொரு உதவியும் உங்களைத் தாண்டினதுக்கு அப்புறம்தான் வந்திருக்கு. அதனால நின்னவங்களைப் பத்தி "ஆர்வம் இல்லை"ன்னு யாரும் எழுதிராதீங்க.

எட்டாம்_பி

வணக்கம். நானும் உங்க செட்தான். எட்டாவது பி. எனக்கு டைப் அடிக்க வராது, பேசினா போனே எழுதிக்குது. தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

மேலத்தெரு அண்ணன் எனக்குச் சொந்தம், அவங்க வீட்டு மைனிதான் இதைப் படிச்சுக் காமிச்சாங்க. என்னை ஒருத்தரும் எழுதலை. ஆனா போன வருஷம் உங்க குழுவுல யாரோ, "கடைசி பெஞ்சுல ஒரு பிள்ளை எந்நேரமும் தூங்கும், பாவம், கூச்ச சுபாவம்"னு எழுதினதா மைனி சொன்னாங்க. அது நான்தான். எனக்குக் கூச்சமெல்லாம் கிடையாது. தூக்கம் பத்தலை, அவ்வளவுதான்.

ராத்திரி வீட்டுல எல்லாரும் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுவோம். மைதாப் பசை, அதுல மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுவாங்க. குரோஸ் கணக்குலதான் கூலி. ஒரு குரோஸ்னா 144 பெட்டி. எங்கம்மாவுக்கு நான் எண்ணிக் கொடுக்கணும், அதனால எனக்குப் பன்னிரண்டாம் வாய்ப்பாடு மட்டும் தூக்கத்துல கேட்டாலும் வரும். கணக்கு சார் அதைப் பார்த்துட்டு, "பன்னிரண்டாம் வாய்ப்பாடு டீச்சர்"னு கூப்பிடுவார். எனக்கு அது ரொம்பப் பெருமை.

83-ல மழையே இல்லை. எங்களுக்கு மானம் பார்த்த காடு, ஒண்ணும் விளையலை. எட்டாவது பாதியில தீப்பெட்டி ஆபீஸுக்குக் கட்டை அடுக்க, அதாவது தீக்குச்சியைச் சட்டத்துல அடுக்குற வேலைக்கு, போயிட்டேன். விடியக்காலம் நாலு மணிக்கு ஆபீஸ் பஸ் தெருமுனையில வந்து ஆரன் அடிக்கும். நீங்கள்லாம் பிரேயருக்கு மணியடிச்சு நிக்கிறப்போ நான் எத்தனையோ கட்டை அடுக்கி முடிச்சிருப்பேன்.

நான் எதுல கெட்டின்னும் சொல்லிக்கிறேன். கிராஃப்ட் பீரியடுல தக்ளியில நூல் நூற்கணும்ல, பள்ளிக்கூடத்துலேயே என் நூல்தான் மெலிசு. அறுபடாம வரும். கிராஃப்ட் சார் என் சிட்டத்தை இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த ஆபீஸர்கிட்ட எடுத்துக் காமிச்சார். அதுக்கு ஒரு சோப்பு டப்பா பரிசு கொடுத்தாங்க. வளைவளையமாப் பூப்போட்ட டப்பா. அப்புறம் கோ-கோ. நான் உட்கார்ந்தா எந்தப் பக்கம் எழுந்திரிப்பேன்னு யாருக்கும் தெரியாது. முதல் பெஞ்சு அக்காவை எத்தனை தடவை தொட்டிருக்கேன்னு கேளுங்க.

ரயிலடி அண்ணன் எழுதினது சரிதான். எனக்கு யாரும் பாவம் பார்க்க வேணாம். ஆனா என்னை மறந்துட்டாங்கன்னா அது எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. நானும் உங்க கூட வேப்பமரத்தடியில உட்கார்ந்திருக்கேன்.

செய்தி வாசிக்கிறவ எங்க ஊருக்குத்தான் வாக்கப்பட்டு வந்தா. நல்லா இருக்கா. ரெண்டு தடவை பஞ்சாயத்து வார்டு மெம்பர். கிராம சபையில அவ பேசினா யாரும் குறுக்க பேச மாட்டாங்க.

சந்திப்பை ஞாயித்துக்கிழமை வச்சா நான் வருவேன். சனிக்கிழமை சம்பள நாளு, ஆபீஸ்ல விட மாட்டாங்க. இப்பவும் அதே தொழில்தான், மெஷின் வந்த ஆபீஸு. பேக்கிங்ல இருக்கேன்.

முதல்_பெஞ்சு

அடியே! தொட்டே, தொட்டே, மூணு வருஷமும் தொட்டே! உன்னால நான் தடுக்கி விழுந்த தழும்பு முழங்கால்ல இருக்கு. என் டி.சி.யில அங்க மச்ச அடையாளமே அதுதான், இப்பத்தான் எடுத்துப் பார்த்தேன்.

உன் நம்பரை மேலத்தெரு அண்ணன்கிட்ட வாங்கிக்கிறேன். இன்னைக்கு ராத்திரி கூப்பிடுறேன், தூங்கிராதே.

ரயிலடி

எட்டாம் பி தங்கச்சி எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். நான் சொன்ன கவலை எனக்கு இன்னும் இருக்கு, எல்லாரும் உங்களை மாதிரி மனசு விட்டுப் பேச மாட்டாங்க. அதனால ஒரு ஏற்பாடு சொல்றேன். யாரைப் பத்தித் தெரிய வந்தாலும், அவங்களுக்கு நெருக்கமான ஒருத்தர் நேர்லயோ போன்லயோ பேசி, அவங்களுக்குச் சம்மதம்னா மட்டும் குழுவுல சேர்ப்போம். வேண்டாம்னா அதோட விட்டுருவோம், திரும்பக் கேட்க வேண்டாம். என் தம்பிகிட்ட நானே பேசுறேன்.

சஞ்சாயிகா_கணக்கு

வசூல் பத்தி ஒரு வார்த்தை. ஆளுக்கு இரண்டாயிரம்னு குழுவுல போட்டிருக்கீங்க. அதை எடுத்துருங்க. போட்டோக் காசுக்கு நடந்ததே மறுபடியும் நடக்கும். முடிஞ்சவங்க தனியா எனக்கு அனுப்புங்க, யார் எவ்வளவு கொடுத்தாங்கன்னு வெளிய சொல்ல மாட்டேன். மொத்த வரவு செலவு மட்டும் சபையில வாசிக்கிறேன். மண்டபம் வேண்டாம், தலைமையாசிரியர் அனுமதி கொடுத்தா பள்ளிக்கூடத்துலேயே வைப்போம். ஒரே கலர் சட்டையும் வேண்டாம்.

லெஃப்ட்_அவுட்

ஒத்துக்கிறேன். மேப் போட்டவன்கிட்டப் பேசிட்டேன். வர்றானாம். பழைய கரும்பலகை இருக்குமான்னு கேட்டான்.

சென்டர் ஹாஃப் பத்தி எனக்கு ஒண்ணும் கிடைக்கலை. கடைசியா நாமக்கல் பக்கம் லாரி ஓட்டினதாக் கேள்வி. லாரித் தொழில்ல இருக்கிறவங்க யாராவது இதைப் படிச்சா, இடது புருவத்துல ஹாக்கி மட்டை பட்ட தழும்பு, பேச்சு கம்மி, வயசு அம்பத்தஞ்சு, அம்பத்தாறு. விசாரிச்சுச் சொல்லுங்க.

கரிசல்மண்

முடிவு இது. மே மாசம் கடைசி ஞாயித்துக்கிழமை, காலையில பத்து மணி, பள்ளிக்கூடத்துல. காசு விஷயம் சஞ்சாயிகா சொன்னபடி. கூப்பிடுற விஷயம் ரயிலடி சொன்னபடி. தலைமையாசிரியருக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தை நாளைக்கு எழுதுறேன், கையெழுத்துப் போட டவுன்ல இருக்கிறவங்க ரெண்டு பேர் வாங்க.

இன்னும் எழுதப்படாதவங்க: தெலுங்கு வீட்டுப் பையன் இப்ப எங்கன்னு யாரும் சொல்லலை. ஏ செக்‌ஷன்ல தவில் அடிக்கிறவன். ஆறாவதுல வந்து ஒரே வருஷத்துல போன அந்த ரெட்டைப் பிள்ளைங்க. ஹாக்கி டீம்ல கோல்கீப்பர் யாருன்னும் தெரியலை. லெஃப்ட் அவுட், பத்துப் பேரை எண்ணிட்டேன், பதினோராவது ஆள் யாரு?